டொரினோ கால்பந்துக் கழகம்: பருவப் பட்டியல் சொல்லும் வரலாறு

ஒரு கால்பந்துக் கழகத்தின் வரலாற்றை எழுத முற்படுவோர் முதலில் தேடுவது பருவப் பட்டியலைத்தான். ஆடிய ஆட்டங்கள், வெற்றி, டிரா, தோல்வி, அடித்த கோல், வாங்கிய கோல், புள்ளி, பிடித்த இடம் என ஒவ்வோர் ஆண்டும் ஒரே வரியில் அடங்கிவிடும். இத்தாலியின் வடமேற்கில் உள்ள தூரின் நகரத்து டொரினோ கழகத்துக்கும் அப்படியொரு பட்டியல் உண்டு. 1928, 1943, 1946, 1947, 1948, 1949, 1976 என ஏழு சாம்பியன் பட்டங்களை அதில் காணலாம். ஆனால் அந்த ஏழு வரிகளை மட்டும் படிப்பவருக்கு டொரினோ பிடிபடாது. 1915, 1927, 1944, 1949 ஆகிய நான்கு ஆண்டுகளில் பட்டியலின் கணக்கும் ஆட்டக்களத்தின் கணக்கும் ஒத்துவருவதில்லை. இந்தக் கழகம் என்ன என்பதை அந்த நான்கு வரிகளே முழுமையாகச் சொல்கின்றன என்பது என் துணிபு.

தொடக்கமும் முதல் தடையும்

1906 டிசம்பர் 3 அன்று தூரின் நகரத்து பீர் விடுதி ஒன்றில் கூடிய சிலர் இக்கழகத்தைத் தொடங்கினர். யுவென்டஸ் கழகத்திலிருந்து பிணக்குற்று விலகிய சுவிஸ் தொழிலதிபர் ஆல்ஃபிரெட் டிக் அவர்களுள் முதன்மையானவர். பிறப்பிலேயே பங்காளிச் சண்டை சேர்ந்துகொண்டது. 1907 ஜனவரியில் ஒரே நகரத்து இவ்விரு கழகங்களும் மோதிய முதல் தூரின் டெர்பியில் டொரினோ 2-1 என வென்றது.

1914-15 பருவத்தின் இறுதிக் குழுவில் ஜெனோவா முதலிடத்திலும், இரண்டு புள்ளி பின்னால் டொரினோவும் இன்டரும் இருந்தன. கடைசி ஆட்டம் ஜெனோவாவுக்கும் டொரினோவுக்கும் இடையே. முந்தைய சந்திப்பில் ஜெனோவாவை 6-1 என வீழ்த்தியிருந்த டொரினோ, இதையும் வென்றால் முதலிடத்தில் சமநிலைக்கு வந்துவிடும். ஆட்டம் நடக்க வேண்டிய 1915 மே 23 அன்று இத்தாலி முதல் உலகப் போரில் இறங்கியது. ஆட்டங்கள் நிறுத்தப்பட்டன. போர் முடிந்தபின் பட்டம் ஜெனோவாவுக்கு வழங்கப்பட்டது. ஆடாத ஓர் ஆட்டம் அந்த வரியில் இன்றும் தொக்கி நிற்கிறது.

பறிக்கப்பட்ட பட்டம்

1926 அக்டோபரில் ஃபிலடெல்ஃபியா மைதானம் திறக்கப்பட்டது. அங்கே பலோன்சியேரி, அர்ஜென்டினாவிலிருந்து வந்த லிபோனாட்டி, ரோஸ்ஸெட்டி ஆகிய மூவரும் முன்கள ஆட்டத்துக்குப் புது இலக்கணம் வகுத்தார்கள். 1926-27 பருவத்தை டொரினோ முதலிடத்தில் முடித்தது. சில மாதங்களில், டெர்பி ஆட்டத்துக்கு முன் யுவென்டஸ் தடுப்பாட்டக்காரர் லூயிஜி அல்லெமாண்டிக்குப் பணம் பேசப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. இத்தாலியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவராக இருந்தவர் பாசிசக் கட்சியின் போலோன்யா பிரமுகர் லெயாண்ட்ரோ அர்பினாட்டி. பட்டம் பறிக்கப்பட்டது. இரண்டாமிடம் பெற்ற போலோன்யாவுக்கும் அது தரப்படவில்லை. இத்தாலியப் பட்டியலில் 1927 சாம்பியன் இல்லாத ஆண்டாக நிற்கிறது. வாழ்நாள் தடை பெற்ற அல்லெமாண்டி பொதுமன்னிப்பில் மீண்டு, 1934-இல் உலகக் கோப்பை வென்ற இத்தாலிய அணியில் ஆடினார் என்பதையும் சேர்த்துப் படித்தால், அக்காலத் தீர்ப்புகளின் உறுதி எத்தகையது என்பது விளங்கும்.

டொரினோ களத்திலேயே பதில் சொன்னது. அடுத்த பருவத்தில் லிபோனாட்டி 35 கோல் அடிக்க, பட்டம் மீண்டும் அதன் கைக்கு வந்தது. இம்முறை யாரும் பறிக்கவில்லை.

மாபெரும் டொரினோ

1939-இல் தலைமைப் பொறுப்பேற்ற ஃபெருச்சோ நோவோ முன்னாள் ஆட்டக்காரர். கழகத்தை நிர்வாக ஒழுங்கோடு நடத்தியவர். இங்கிலாந்தின் டபிள்யூ-எம் வியூகத்தைக் கொண்டுவந்தார். வெனிஸிலிருந்து வலென்டினோ மட்ஸோலாவையும் எஸியோ லோயிக்கையும் வாங்கினார். ஹங்கேரிய யூதரான எர்னோ எர்ப்ஸ்டீனின் கால்பந்து அறிவை அவர் பெரிதும் நம்பியிருந்தார். 1938-ஆம் ஆண்டின் இனவெறிச் சட்டங்கள் எர்ப்ஸ்டீனை இத்தாலியிலிருந்து துரத்தின. புடாபெஸ்ட்டில் கட்டாய உழைப்பு முகாமிலிருந்து உயிர்தப்பிய அவர், போருக்குப் பின் டொரினோவுக்கே திரும்பி வந்தார்.

1942-43 பருவத்தின் கடைசி நாளில், பாரி நகரில் மட்ஸோலா அடித்த ஒரே கோலால் லிவோர்னோவை ஒரு புள்ளியில் முந்திப் பட்டம் வென்றது டொரினோ. அதே ஆண்டு இத்தாலியக் கோப்பையையும் கைப்பற்றி, இரண்டையும் ஒருங்கே வென்ற முதல் இத்தாலியக் கழகம் என்ற பெயரைப் பெற்றது.

1944-ஆம் வரி விசித்திரமானது. அவ்வாண்டு அணியின் பெயர் ‘டொரினோ ஃபியட்’. போர்த்தொழில் ஊழியர் என்ற அடையாளம் இருந்தால் கட்டாயப் படைச்சேர்ப்பிலிருந்து தப்பலாம் என்பதால், ஆட்டக்காரர்கள் ஃபியட் தொழிற்சாலைப் பணியாளராகப் பதிவு செய்யப்பட்டனர். வட இத்தாலியில் மட்டும் நடந்த அந்தப் போட்டியில் லா ஸ்பேஸியா நகரத் தீயணைப்புப் படை அணி டொரினோவை 2-1 என வென்று முதலிடம் பிடித்தது. போர்க்காலப் போட்டி என்பதால் அது முழுப் பட்டமாகக் கணக்கில் சேரவில்லை. உயிர்பிழைப்பதே பெரும்பாடாக இருந்த ஆண்டில் ஓர் அணி கலையாமல் காக்கப்பட்டது. போருக்குப் பிந்தைய நான்கு பட்டங்களுக்கும் அதுவே அடித்தளம்.

1946-47-இல் 104 கோல்கள். மட்ஸோலா மட்டும் 29. 1947-48-இல் 40 ஆட்டங்களில் 125 கோல்கள், அடுத்த அணிகளைவிட 16 புள்ளி கூடுதல். 1948 மே மாதத்தில் அலெஸ்ஸாண்ட்ரியா அணிக்கு எதிராகப் பத்து கோல் அடித்து, ஒன்றும் வாங்காமல் வென்றார்கள். 1947 மே 11 அன்று ஹங்கேரியை எதிர்த்து ஆடிய இத்தாலியத் தேசிய அணியின் பதினொருவரில் பத்துப் பேர் டொரினோக்காரர்கள்.

இந்த எண்களுக்கு உயிர் கொடுத்தது ஃபிலடெல்ஃபியா மைதானம். பார்வையாளர் வரிசைக்கும் புல்தரைக்கும் இடைவெளி மிகக் குறைவு. ஆட்டம் மந்தமாகும்போது கூட்டத்திலிருந்து ரசிகர் ஒருவர் எக்காளம் ஊதுவார். மட்ஸோலா சட்டைக் கைகளை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொள்வார். அது அணியினர் அனைவருக்கும் தெரிந்த குறிப்பு. அடுத்த கால் மணி நேரம் டொரினோவின் மெரூன் சட்டைகள் எதிரணியை மூச்சுவிட விடாது; ஆட்டம் அதற்குள் முடிந்துபோகும்.

1949

1949 மே 3 அன்று லிஸ்பனில் பென்ஃபிகா அணித்தலைவர் ஃபிரான்சிஸ்கோ ஃபெரெய்ராவைச் சிறப்பிக்க ஒரு நட்பு ஆட்டம் நடந்தது. பென்ஃபிகா 4-3 என வென்றது. மறுநாள் மாலை, திரும்பிவந்த ஃபியட் விமானம் மூடுபனியில் தூரின் நகரை ஒட்டிய சூப்பெர்கா குன்றில், பேராலயத்தின் பின்புறச் சுவரில் மோதியது. 18 ஆட்டக்காரர்கள் உட்பட 31 பேரும் மாண்டனர். எர்ப்ஸ்டீனும் அவர்களுள் ஒருவர். இரு உலகக் கோப்பைகளை வென்ற பயிற்சியாளர் விட்டோரியோ பொட்ஸோ, தாம் வளர்த்த வீரர்களின் உடல்களை அடையாளம் காட்ட நேர்ந்தது. முழங்கால் காயத்தால் பயணம் போகாத சௌரோ தோமா எஞ்சினார்.

பருவத்தில் நான்கு ஆட்டங்கள் மீதமிருந்தன. டொரினோ இளையோர் அணியைக் களமிறக்கியது. ஜெனோவா, பலெர்மோ, சாம்ப்டோரியா, ஃபியோரென்டினா ஆகிய எதிரணிகளும் தங்கள் இளையோரையே அனுப்பின. நான்கிலும் டொரினோ வென்றது. பட்டியலில் அந்த ஆண்டுக்கு எதிரே 60 புள்ளிகள், முதலிடம் என்றே இருக்கும். அந்த 60-இல் எட்டுப் புள்ளிகளைச் சேர்த்தவர்கள் பிள்ளைகள் என்பதை எந்தப் பட்டியலும் காட்டாது. அடுத்த ஆண்டு பிரேசில் உலகக் கோப்பைக்கு இத்தாலிய அணி விமானத்தைத் தவிர்த்துக் கப்பலில் சென்றது. இழப்பு நாட்டின் நெஞ்சில் எவ்வளவு ஆழம் தைத்திருந்தது என்பதற்கு அதுவே சான்று.

பின்வந்த பருவங்கள்

பத்தாண்டுகளில், 1958-59-இல், டொரினோ முதன்முறையாக இரண்டாம் நிலை லீகுக்கு இறங்கி, ஓராண்டிலேயே மீண்டது. அறுபதுகளில் ஜிஜி மெரோனி என்ற வலது விங்கர் நகரத்தின் செல்லப்பிள்ளையானார். நீண்ட முடியும் ஓவியம் வரையும் கையுமாக வாழ்ந்த அவர், 1967 அக்டோபர் 15 இரவு சாலையைக் கடக்கும்போது கார் மோதி 24 வயதில் இறந்தார். அடுத்த வாரமே வந்த டெர்பியில் டொரினோ யுவென்டஸை 4-0 என வென்றது.

1975-76 ஈடுசெய்த பருவம். ஜிஜி ராடிச்சேயின் பயிற்சியில் புலிசி 21, கிராட்ஸியானி 15 கோல். சொந்த மைதானத்தில் முதல் 14 ஆட்டங்களும் வெற்றி. கடைசி நாளில் செசேனாவுடன் 1-1 டிரா. யுவென்டஸ் பெருஜாவில் தோற்றது. 27 ஆண்டுகளுக்குப் பின் பட்டம் வந்தது. அதைவிட மேலான பருவமாக நான் கருதுவது அடுத்ததை: 30 ஆட்டங்களில் ஒரே தோல்வி, 50 புள்ளிகள். யுவென்டஸ் 51 எடுத்ததால் இரண்டாமிடம். பட்டங்களை மட்டும் எண்ணுவோர் கண்ணில் அந்த 1976-77 படுவதே இல்லை.

1992-இல் ரியல் மாட்ரிடை வீழ்த்தி யூஏஃபா கோப்பை இறுதிக்கு வந்த அணி, அயாக்ஸுடன் 2-2, 0-0 என ஒருமுறையும் தோற்காமல், வெளிமைதானக் கோல் கணக்கில் கோப்பையை இழந்தது. ஆம்ஸ்டர்டாமில் பந்து மும்முறை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. நடுவரின் முடிவை எதிர்த்துப் பயிற்சியாளர் மொண்டோனிக்கோ நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கினார். 2005-இல் முதல் நிலை லீகான சீரி ஆவுக்கு உயர்வு பெற்றும், நிதி முறிவால் கழகமே திவாலானது. உர்பானோ கைரோ தலைமையில் புதிதாக அமைந்த நிறுவனம் மறு ஆண்டே அணியை மேலே கொண்டுவந்தது. இடிந்து கிடந்த ஃபிலடெல்ஃபியா 2017-இல் பயிற்சித் திடலாக மீண்டது.

வெற்றியின் எண்ணிக்கையில் டொரினோவை விஞ்சும் கழகங்கள் இத்தாலியில் உண்டு. போர் நிறுத்திய பருவம், அதிகாரம் பறித்த பருவம், ஆலைத் தொழிலாளர் பெயரில் ஒளிந்து ஆடிய பருவம், பிள்ளைகள் முடித்துவைத்த பருவம் என இருபதாம் நூற்றாண்டின் சுமைகள் அத்தனையையும் தன் பட்டியலில் தாங்கி நிற்கும் கழகம் இது. ஆகவே விளையாட்டு வரலாறு எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள்: இடத்தையும் புள்ளியையும் குறிப்பதோடு நின்றுவிடாதீர்கள். அந்தப் பருவத்தில் யார் ஆடினார்கள், எந்த நெருக்கடியில் ஆடினார்கள், எந்த ஆட்டம் நடக்காமல் போனது என்பதையும் ஒவ்வொரு வரியின் அருகிலும் எழுதுங்கள். ஆண்டுதோறும் மே 4 அன்று சூப்பெர்கா குன்றில் அணித்தலைவர் மாண்டவர் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்கும்போது டொரினோ செய்வது அந்த வரலாற்றுப் பணியைத்தான்.