யானை வகுத்த வழி

1977ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் நெடுங்கேணியிலிருந்து ஒட்டுசுட்டானுக்குக் காட்டுவழியே நடந்து சென்றேன். வன்னிக் குளங்களைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதப் போயிருந்த எனக்கு, தேன் எடுக்கும் முதியவர் ஒருவர் வழிகாட்டியாக வாய்த்தார். காடு தொடங்கும் இடத்தில் அவர் ஒரு குழையை முறித்துத் தாழ்ந்த கிளையொன்றில் தொங்கவிட்டார். முன்னே சென்றோர் இட்ட குழைகள் அதே கிளையில் வாடிக் கிடந்தன.

"பிள்ளையாருக்கு" என்றார். வேறு விளக்கம் தரவில்லை.

கண்டி வீதியில் பயணம் செய்தோர், முறிகண்டிப் பிள்ளையார் முன் வாகனத்தை நிறுத்தித் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிச் செல்வதை அறிவர். காட்டுவழிப் பயணியின் பழைய அச்சமும் நம்பிக்கையுமே அங்கும் தொடர்கின்றன என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்த காடு அது. பாலைப்பழம் உதிரும் காலமாதலால் கரடி வரும் என்று எச்சரித்தார் முதியவர். ஓரிடத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"தம்பி, கதையாதேங்கோ. காத்து எங்கட பக்கத்திலையிருந்து போகுது. அவருக்கு மணக்கும்."

'அவர்' என்றது யானையை. அரைமணி நேரம் காத்திருந்து வேறு தடத்தால் சுற்றிச் சென்றோம். அந்தத் தடமும் யானைகள் நடந்து உண்டானதே.

வன்னியின் வரலாறும் யானையின் தடத்தைப் பற்றியே செல்வது. வன்னிமைகளின் தலைவர்கள் போர்த்துக்கேயருக்கும் பின்னர் ஒல்லாந்தருக்கும் திறையாகச் செலுத்தியது யானைகளையே. காட்டில் பிடிக்கப்பட்ட யானைகள் வடக்கே நடத்திச் செல்லப்பட்டு, கடல்நீரேரியைக் கடந்து குடாநாட்டை அடைந்தன. ஆனையிறவு என்னும் பெயர் அந்தப் பயணத்தின் சுவடு. யாழ்ப்பாணத்தில் இந்திய வணிகர்கள் வாங்கிய யானைகள் ஊர்காவற்றுறையில் கப்பலேறின.

1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி ஆங்கிலேயரை விரட்டிய பண்டாரவன்னியனுக்கும் இக்காடே அரணாயிற்று. அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் கப்டன் டிறிபேர்க்கின் படை அவனைத் தோற்கடித்ததாகக் கூறும் கல் ஒட்டுசுட்டானுக்கு அண்மையில், கற்சிலைமடுவில் நாட்டப்பட்டது. முதியவர் அங்கே என்னை அழைத்துச் சென்று, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். தோல்வியைச் சொல்ல வென்றவன் நாட்டிய கல், தோற்றவனை நினைக்கும் இடமாக மாறியிருந்தது.

பின்னர் வந்த போர் 2009 மே மாதத்தில் நந்திக்கடற்கரையில் முடிந்தபோது, வன்னி மக்கள் ஊர்களை இழந்து முகாம்களில் அடைபட்டிருந்தனர். திரும்பி வந்தபோது காட்டோரங்களில் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகள் நின்றன. காட்டைக் காலால் அறிந்திருந்த முதியோர் பலர் திரும்பவில்லை. பிள்ளைகளை அழைத்துச் சென்று தடம் காட்ட வழியில்லாது போயிற்று.

இப்போது யானைகள் வயலுக்குள் வருகின்றன. வெடி கொளுத்தி விரட்டுகின்றனர். 2023ஆம் ஆண்டில் மட்டும் இலங்கை முழுவதும் 450க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதரும் இந்த மோதலில் மாண்டனர். மின்வேலி தேவைதான், வயலை இழந்தவனுக்கு நான் வேறு உபதேசம் சொல்ல முடியாது. ஆனால் வேலியை எங்கே இடுவது என்று தீர்மானிப்போர், யானை எவ்வழியே நடந்தது என்பதை முதலில் கேட்க வேண்டும். அதனைச் சொல்லக்கூடிய சிலர் இன்னும் அவ்வூர்களில் இருக்கின்றனர். அவர்களும் மறைந்தபின் கேட்டுப் பயனில்லை.