வட்டுக்கோட்டை ஆண்டும் ஒயிலரின் எண்ணும்

வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசனரிமார் செமினரி தொடங்கிய ஆண்டு 1823. அது ஒரு முதன்மை எண். அதன் வர்க்கமூலம் 43ஐ எட்டாது. எனவே 2 முதல் 41 வரையான பதின்மூன்று முதன்மை எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஒவ்வொன்றும் மீதி வைக்கும். யாழ்ப்பாண வளாகம் தனிப் பல்கலைக்கழகமான 1979உம் முதன்மை எண்ணே. தற்செயல்தான், ஆனாலும் எண்ணோடு பழகிய மனம் இதைக் கண்டு மகிழாமல் இராது.

செமினரி தொடங்கிய காலத்தில் உலகம் அறிந்திருந்த மிகப் பெரிய முதன்மை எண் 2147483647. இரண்டின் 31ஆம் வலுவிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது. 1772இல் இதை நிறுவிய ஒயிலருக்கு அப்போது கண்பார்வை அநேகமாகப் போய்விட்டிருந்தது.

இதன் வர்க்கமூலம் 46340ஐ ஒட்டி வரும். அதற்குட்பட்ட முதன்மை எண்கள் ஏறக்குறைய 4800. அத்தனையாலும் வகுக்க யாருக்குப் பொறுமை உண்டு? ஒயிலர் வகுக்கவில்லை, எவற்றால் வகுக்கத் தேவையில்லை என்று முதலில் யோசித்தார். q என்னும் முதன்மை எண் இதை வகுக்குமானால், இரண்டின் வலுக்களை q ஆல் வகுக்கும்போது 31ஆம் வலுவில் மீதி 1 வரும். 31 முதன்மை எண் ஆகையால் அதற்கு முன் எந்த வலுவிலும் மீதி 1 வராது. பேர்மாவின் தேற்றப்படி q−1ஆம் வலுவிலும் மீதி 1. ஆகவே q−1 என்பது 31இன் மடங்காகவே இருக்க வேண்டும். இன்னொரு நிபந்தனையையும் சேர்த்தால், q ஆனது 248இன் மடங்கிலும் 1 கூடியதாகவோ 63 கூடியதாகவோதான் இருக்கும். எல்லைக்குள் அப்படிப்பட்டவை 373 மட்டுமே. அவற்றிலும் பெரும்பாலானவை சேர்த்தி எண்கள். 63, 249 இரண்டும் 3ஆல் வகுபடுவதால் கழிந்துபோகும். முதலில் உண்மையாக வகுக்க வேண்டியது 311: ஈவு 6905092, மீதி 35. இப்படியே இறுதிவரை போனாலும் எதுவும் மீதியின்றி வகுக்காது.

2024இல் கண்டறியப்பட்ட முதன்மை எண்ணுக்கு நான்கு கோடியே பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இலக்கங்கள். அது கணினிகளின் உழைப்பு. என் மதிப்பில் ஒயிலரின் பத்து இலக்க எண்ணே உயர்ந்தது; ஒரு மாணவன் தன் கையாலேயே அதன் நிறுவலைத் தொடர்ந்து போகலாம்.

வட்டுக்கோட்டையில் பயின்ற கறல் விசுவநாதபிள்ளை 1855இலேயே வீசகணிதத்தைத் தமிழில் நூலாக்கினார். இந்த நிறுவலையும் தமிழில் சொல்ல நமக்குச் சொற்பஞ்சம் இல்லை. ஆசிரியப் பெருமக்களே, முதன்மை எண்களை ஆறாம் வகுப்புப் பட்டியலோடு நிறுத்திவிடாதீர்கள். 2027ஐக் கரும்பலகையில் எழுதுங்கள். கல்குலேட்டர் வேண்டாம். வகுத்தல்கள் பதினான்கு மட்டுமே. பிள்ளைகளே செய்து பார்க்கட்டும்.