மார்கழி ஏன் குறுகியது?

சுந்தரபாண்டியபுரத்து வீட்டுச் சுவர்களில் தொங்கும் மாதக் காலண்டரில் ஆங்கிலத் தேதிக்கருகே தமிழ்த் தேதியும் உண்டு. ஆனி சில ஆண்டுகளில் 32 நாள் நீளும். மார்கழி பல ஆண்டுகளில் 29 நாளிலேயே முடியும். காரணம் என்ன? சூரியன் ஓர் இராசியில் தோன்றும் காலமே தமிழ் மாதம். ஜூலைத் தொடக்கத்தில் பூமி சூரியனுக்குச் சேய்மையில் இருப்பதால் மெதுவாகச் செல்கிறது. ஜனவரித் தொடக்கத்தில் அண்மையில் இருப்பதால் விரைகிறது. ஆகவே காலண்டர் அச்சிடுவோர் ஆண்டுதோறும் பஞ்சாங்கம் பார்த்தே கட்டங்களை நிரப்ப வேண்டும்.

நாடு முழுமைக்கும் ஒரே நாட்காட்டி வகுக்க 1952இல் மேகநாத சாகா தலைமையில் குழு அமைந்தது. அது மெதுவான ஐந்து மாதங்களுக்கு 31 நாளும், மற்றவற்றுக்கு 30 நாளும் வரையறுத்தது. லீப் ஆண்டில் முதல் மாதத்திற்கு ஒரு நாள் கூடும். 1957 மார்ச் 22இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆயினும் நம் திருவிழாக்கள் பழைய மாதங்களையே பின்பற்றுகின்றன. கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது. மக்கள் ஏற்றால்தான் அது சுவரேறும்.