ஃபதே மைதானத்தில் மூன்று ஆண்டுகள்

ஹைதராபாத் மாநகரின் நடுவே ஃபதே மைதான் என்றோர் இடமுண்டு. 1687ஆம் ஆண்டில் கோல்கொண்டாக் கோட்டையை முற்றுகையிட்ட ஔரங்கசீபின் படையினர் அங்கே பாசறை அமைத்திருந்தனர் என்றும், கோட்டை வீழ்ந்த பின்னர் அவ்வெற்றியின் நினைவாகவே அப்பெயர் வழங்கலாயிற்று என்றும் கூறுவர். ‘ஃபத்ஹ்’ என்னும் அரபுச் சொல்லை வெற்றி என்றே நாம் பொருள் கொண்டு பழகிவிட்டோம். அகராதியில் அதன் முதற்பொருள் திறத்தல் என்பதாகும். பிற்காலத்தில் அவ்விடத்து விளையாட்டரங்கு லால் பகதூர் சாஸ்திரியின் பெயரைப் பெற்றது. அதனைச் சார்ந்த டென்னிஸ் வளாகத்தில் 2003 முதல் 2005 வரை மூன்றே ஆண்டுகள் நடந்து, பின்னர் அந்நகரை விட்டு அகன்ற ஒரு பெண்கள் பந்தயத்தின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

ஹைதராபாத் ஓப்பன் என்பது அதன் பெயர். உலகப் பெண்கள் டென்னிஸ் சங்கமாகிய டபிள்யூ.டி.ஏ.வின் சுற்றுப் பந்தயங்களுள் அதுவும் ஒன்று. ஆந்திர மாநிலச் சுற்றுலாத் துறையின் பெயரைத் தாங்கி அது தொடங்கிற்று. அந்நாளில் அச்சங்கம் தன் பந்தயங்களைத் தரவாரியாகப் பிரித்திருந்தது. ஹைதராபாத்துக்குக் கிடைத்தது நான்காம் தரம். 2005இல் அதன் மொத்தப் பரிசுத் தொகை 1,40,000 டாலர். விம்பிள்டனோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியதுதான். ஆயினும் சிறியது என்பதனால் அதன் பயனும் சிறியது என்று எண்ணிவிடலாகாது.

காரணம் யாதெனில், தொழில்முறை டென்னிஸில் ஒரு விசித்திரமான முடிச்சு உண்டு. பெரிய பந்தயத்தில் நேரடியாக நுழையத் தரவரிசை வேண்டும். தரவரிசையில் உயரப் பந்தயங்களில் வென்று புள்ளிகள் சேர்க்க வேண்டும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பிறந்த பெண்ணுக்கு இத்தகைய களங்கள் அண்மையிலேயே அமைந்துவிடுகின்றன. நம் நாட்டுப் பெண்ணுக்கோ ஒவ்வொரு புள்ளியும் ஒரு விமானப் பயணம். அப்பயணச் செலவு பெற்றோரின் பொறுப்பு. கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன் 1998இல் ஆஸ்திரேலிய ஓப்பனில் ஒரு சுற்று வென்று இந்தியப் பெண்டிருக்கு வழிகாட்டினார். அவ்வெற்றியைத் தேடி அவர் கடல் கடந்தே செல்ல வேண்டியிருந்தது.

உள்ளூரில் ஒரு பந்தயம் நடக்குமாயின் இம்முடிச்சு சற்றே நெகிழும். தரவரிசை போதாத சிலருக்கு ‘வைல்டு கார்டு’ என்னும் சிறப்பு அனுமதி வழங்கும் உரிமை நடத்துவோருக்கு உண்டு. 2003இல் அவ்வனுமதியைப் பெற்றவர்களுள் ஒருவர், ஆறு வயது முதல் அந்நகரில் மட்டை பிடித்துப் பழகிய பதினாறு வயதுச் சிறுமி சானியா மிர்சா. முதற்சுற்றிலேயே ஆஸ்திரேலியாவின் ஈவி டொமினிகோவிச்சிடம் தோற்றார். அவ்வாண்டுப் பட்டத்தைத் தாய்லாந்தின் தமரின் தனசுகர்ன் வென்றார். மறு ஆண்டு ஒற்றையர் பட்டம் ஆஸ்திரேலியாவின் நிக்கோல் பிராட்டுக்குப் போயிற்று. இரட்டையரிலோ சானியாவும் லீசல் ஹூபரும் இணைந்து லீ டிங், சுன் தியன்தியன் என்னும் சீன இணையை வீழ்த்தினர். அச்சீன இணையே அதே 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றது என்பதை எண்ணினால் அவ்வெற்றியின் கனம் விளங்கும்.

2005 ஜனவரியில் சானியா ஆஸ்திரேலிய ஓப்பனின் மூன்றாம் சுற்றுவரை சென்று செரீனா வில்லியம்ஸிடம் தோற்றுத் திரும்பினார். மூன்று வாரங்கள் கழித்து, பிப்ரவரி 12ஆம் நாள், சொந்த ஊரின் இறுதியாட்டத்தில் உக்ரைனின் அல்யோனா பொண்டரென்கோவைச் சந்தித்தார். முதல் செட் 6-4 என அவருடையதாயிற்று. இரண்டாவது 5-7 எனக் கைநழுவிற்று. மூன்றாவதை 6-3 என வென்று வாகை சூடினார். டபிள்யூ.டி.ஏ. ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் அவரே. அதனையடுத்து உலகத் தரவரிசையின் முதல் நூற்றுக்குள்ளும் புகுந்தார். அவ்வாண்டு முடிவில் அவர் இடம் 31.

அத்துடன் ஹைதராபாத் பந்தயமும் முடிந்தது! 2006இல் அது பெங்களூருக்கு மாற்றப்பட்டது. எந்தக் களத்தில் உள்ளூர்ப் பெண் பட்டம் வென்றாரோ அந்தக் களத்தை மறு ஆண்டே இழப்பது என்பது, காய்க்கத் தொடங்கிய மரத்தைப் பெயர்த்து வேறிடத்தில் நடுவது போன்றதென்றே எனக்குத் தோன்றுகிறது.

இதனிடையே 2005 செப்டம்பரில், கொல்கத்தாவில் சன்ஃபீஸ்ட் ஓப்பன் நடந்த வேளையில், சானியாவின் ஆட்ட உடை குறித்து ஆலிம்கள் சிலர் கூறியதாகச் செய்திகள் வெளிவந்து பெரும் சர்ச்சையாயின. பதினெட்டு வயதுப் பெண் காவலர் சூழ ஆடச் செல்ல நேர்ந்தது. உடை பற்றிய மார்க்கச் சட்டங்களை நானும் மாணவர்களுக்குப் போதித்தவன்தான். அச்சட்டங்களைக் குறைத்துக் கூற மாட்டேன். ஆனால் நஸீஹத்துக்கு ஓர் அதபு உண்டு. அது தனிமையில், கனிவோடு, கேட்பவரின் மானம் காத்துச் சொல்லப்படுவது. பத்திரிகைத் தலைப்பின் வாயிலாக ஒரு வீட்டுப் பெண்ணுக்கு அனுப்பப்படுவதை நஸீஹத் என்று எந்தக் கிதாபிலும் நான் படித்ததில்லை. அச்செய்தியை ஊதிப் பெருக்கி விற்றவர்களுக்கும் இதில் பங்குண்டு.

பெங்களூர் ஓப்பன் தரத்தில் உயர்ந்தது. 2008இல் பரிசுத் தொகை 6,00,000 டாலராயிற்று. வில்லியம்ஸ் சகோதரியர் இருவரும் வந்தனர். அரையிறுதியில் அக்காளைத் தங்கை வென்று, பட்டத்தையும் கைப்பற்றினார். ஆனால் அவ்வாண்டு சானியா அங்கே ஆடவில்லை. இந்தியாவில் ஆடும்போதெல்லாம் ஏதேனும் ஒரு சர்ச்சை மூள்வதால் விலகிக்கொள்வதாக அறிவித்துவிட்டார். வீட்டுப் பிள்ளை இல்லாத விருந்தாக முடிந்த அதுவே அப்பந்தயத்தின் கடைசி ஆண்டும் ஆயிற்று. கொல்கத்தாப் பந்தயம் 2007உடனேயே நின்றிருந்தது.

அதன்பின் 2022இல் சென்னை ஓப்பன் வரும்வரை, பதினான்கு ஆண்டுகள் இந்திய மண்ணில் பெண்களுக்கான முதன்மைச் சுற்றுப் பந்தயம் ஒன்றும் நடக்கவில்லை. 2003இல் பதினாறு வயதாயிருந்த சிறுமிக்குக் கிடைத்த வாய்ப்பு, 2010இலோ 2015இலோ அவ்வயதை எட்டிய சிறுமியர்க்குத் தம் நாட்டில் கிடைக்கவில்லை. அவர்களுள் எத்தனை பேர் மட்டையை மூலையில் வைத்தனரோ! சானியாவுக்குப் பின் வேறோர் இந்தியப் பெண் டபிள்யூ.டி.ஏ. ஒற்றையர் பட்டம் வென்றதில்லை. சானியாவுக்கும் ஹைதராபாத்தில் பெற்றதே ஒரே ஒற்றையர் பட்டம். பின்னாளில், 2015இல், அவர் உலகின் முதலிடத்தைப் பெற்றது இரட்டையர் ஆட்டத்தில்.

2023 பிப்ரவரியில் துபாயில் தம் கடைசிப் பந்தயத்தை ஆடி முடித்த சானியா, மார்ச் 5ஆம் நாள் ஹைதராபாத்தில் விடைபெறும் காட்சியாட்டம் ஒன்றை ஏற்பாடு செய்தார். அதற்கு அவர் தேர்ந்த இடம், பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் பட்டம் வென்ற அதே லால் பகதூர் வளாகம்.