உற்பத்தித் திட்டமிடல் மென்பொருள்

உற்பத்தித் திட்டமிடல் மென்பொருள் என்பது, ஒரு தொழிலகம் எந்தப் பொருளை, எத்தனை, எந்தத் தேதிக்குள், எந்த இயந்திரத்தில் செய்ய வேண்டும், அதற்கான கச்சாப்பொருளை எப்போது வாங்க வேண்டும் என்பவற்றைக் கணக்கிட்டுத் தரும் கணினி ஏற்பாடு. வேலை தொடங்கிய பின் அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதையும் பதிவுசெய்கிறது. பம்பு, வால்வு, கியர், நூற்பாலை இயந்திரம், வாகன உதிரிபாகம், பூட்டு எனப் பல பாகங்கள் சேர்ந்த பொருள்களைச் செய்யும் இயந்திரப் பொறியியல் தொழிலகங்களுக்கு இது இன்றியமையாத கருவி. தமிழகத் தொழிற்சாலைகளில் இப்பணியைச் செய்யும் பிரிவைப் 'பிபிசி' (உற்பத்தித் திட்டமிடலும் கட்டுப்பாடும்) என்றே அழைக்கிறார்கள்.

இம்மென்பொருளின் வரலாறு, செயல்படும் விதம், பயன், வரம்பு ஆகியவற்றை இக்கட்டுரை தருகிறது. கணக்கீட்டை விளக்க, சிறுமலையை அடுத்த சமவெளியில் இருக்கும் திண்டுக்கல்லின் பூட்டுத் தொழில் எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

தேவை எழுந்த காரணம்

ஒரு பம்பில் ஒரே ஒரு பாகம் வந்து சேராவிட்டாலும் பம்பு முழுமையடையாது. மற்ற பாகங்களில் போட்ட பணம் அதுவரை முடங்கிக் கிடக்கும். கணினிக்கு முந்தைய காலத்தில் ஸ்டோர்ஸில் ஒவ்வொரு பாகத்துக்கும் அதன் இருப்பைப் பதியும் ஒரு 'பின் கார்டு' இருக்கும். இருப்பு ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் புதிதாக ஆர்டர் போடுவார்கள். ஒரு தடவைக்கு எவ்வளவு செய்தால் செலவு குறையும் என்பதற்கு 1913இல் ஃபோர்டு ஹாரிஸ் ஒரு சூத்திரம் தந்தார். எந்த வேலை எந்த நாளில் நடக்க வேண்டும் என்பதைக் கோடுகளாக வரைந்து காட்டும் முறை ஹென்றி கேன்ட்டின் பெயரால் இன்றும் வழங்குகிறது.

இருப்பைப் பார்த்து ஆர்டர் போடும் முறைக்கு ஒரு பெரிய குறை உண்டு. அது கடந்த மாதம் செலவான அளவைப் பார்க்கிறது. அடுத்த மாதம் எந்தப் பம்பு செய்யப் போகிறோம் என்பதைப் பார்ப்பதில்லை. அதனால் தேவையில்லாத பாகம் குவியும், தேவையான பாகம் இராது.

வரலாறு

1960களில் கணினிகள் பெரிய அளவிலான பதிவுகளைச் சேமிக்கத் தொடங்கியதும் இந்தக் குறைக்கு வழி பிறந்தது. முடிந்த பொருளின் தேவையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு ஒவ்வொரு பாகத்தின் தேவையையும் தேதியையும் அறியும் 'எம்ஆர்பி' முறையை ஜோசப் ஆர்லிக்கி உருவாக்கி வளர்த்தார். இதை முழுமையாக விளக்கும் அவருடைய நூல் 1975இல் வெளிவந்தது. ஆலிவர் வைட் இதனுடன் இயந்திரத் திறன், கொள்முதல், நிதி ஆகியவற்றையும் இணைத்து 'எம்ஆர்பி 2' என்ற விரிந்த முறையைப் பரப்பினார்.

1972இல் ஐபிஎம்மிலிருந்து வெளியேறிய ஐந்து பொறியாளர்கள் ஜெர்மனியில் எஸ்ஏபி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கணக்கு, கொள்முதல், உற்பத்தி, விற்பனை அனைத்தும் ஒரே தரவுத்தொகுப்பில் இயங்கும் முறைக்கு 1990இல் கார்ட்னர் நிறுவனம் 'ஈஆர்பி' என்று பெயர் சூட்டியது. 1992இல் வந்த எஸ்ஏபியின் ஆர்/3 அந்த முறையை உலகமெங்கும் கொண்டுசென்றது.

எம்ஆர்பி மரபுக்கு இணையாக வேறு இரண்டு சிந்தனைகளும் வளர்ந்தன. ஜப்பானில் டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ, அடுத்த கட்டம் கேட்டால் மட்டுமே முந்தைய கட்டம் செய்யும் கான்பன் முறையை நிலைநாட்டினார். இஸ்ரேலிய இயற்பியலாளர் எலியாஹு கோல்ட்ராட், தொழிலகத்தின் மொத்த வேகத்தையும் அதன் மிகக் குறுகலான கட்டமே முடிவுசெய்கிறது என்று காட்டினார். அவருடைய 'தி கோல்' என்ற நாவல் 1984இல் வெளிவந்தது. இன்றைய மென்பொருள்கள் இம்மூன்று மரபுகளிலிருந்தும் கடன் வாங்கியவை.

தமிழகத்தில்

தமிழகத்தின் இயந்திரப் பொறியியல் தொழில் ஒரே வகையைச் சேர்ந்ததன்று. திருச்சி பெல் ஆலையில் ஒவ்வொரு கொதிகலனும் ஒரு தனித் திட்டம். வரைபடம் முடியும் முன்பே இரும்பு வாங்கத் தொடங்க வேண்டியிருக்கும். கோவையின் பம்பு ஆலைகள் பல மாதிரிகளை முன்கூட்டியே செய்து இருப்பில் வைத்து, கோடைக்காலத் தேவையைச் சமாளிக்கின்றன. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் கார் ஆலைகளுக்குப் பாகம் தருவோர், நாள் கணக்கிலும் மணிக் கணக்கிலும் வரும் அழைப்புக்கேற்ப அனுப்ப வேண்டும். ஒருவருக்குப் பொருந்தும் மென்பொருள் இன்னொருவருக்குப் பொருந்தாததற்கு இந்த வேறுபாடே காரணம்.

மென்பொருளைச் செய்வதிலும் தமிழகத்துக்குப் பங்கு உண்டு. ராஜபாளையத்தில் வேர்கொண்ட ராம்கோ குழுமம், 1990களில் 'மார்ஷல்' என்ற ஈஆர்பியை உருவாக்கியது. ராம்கோ சிஸ்டம்ஸ் 1997இல் தனி நிறுவனமாகி சென்னையிலிருந்து இயங்குகிறது. மறுபுறம், சென்னையின் பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் ஆலை 1998இல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. இப்பரிசைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் அதுவே. தரமும் ஒழுங்கும் பட்டறைத் தளத்தில் வேரூன்றினால் என்ன நடக்கும் என்பதை அந்த ஆலை இந்தியாவுக்குக் காட்டியது.

அடிப்படைப் பதிவுகள்

எந்த மென்பொருளாக இருந்தாலும் நான்கு பதிவுகளின் மேல்தான் நிற்கும். முதலாவது பாகப் பட்டியல். 'பிஓஎம்' என்று வழங்குவது. ஒரு பொருளுக்குள் எந்தப் பாகம் எத்தனை, அந்தப் பாகத்துக்கு எந்தக் கச்சாப்பொருள் எவ்வளவு என்று அடுக்கடுக்காக அது சொல்லும். இரண்டாவது செயல்வரிசை: லேத், டிரில்லிங், ஹீட் ட்ரீட்மென்ட், கிரைண்டிங் என வேலை நகரும் ஒழுங்கும், ஒவ்வொன்றுக்கும் ஆகும் செட்டிங் நேரமும் ஓட்ட நேரமும். மூன்றாவது, கையிருப்பும் வரவேண்டிய ஆர்டர்களும். நான்காவது, இயந்திரங்கள், ஆட்கள், ஷிஃப்டுகள் பற்றிய விவரம்.

கணக்கு நடக்கும் விதம்

எடுத்துக்காட்டாகக் கொண்ட திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. உள்ளே வரிசையாக அமையும் லீவர்களைச் சாவிக்கேற்பக் கையால் அராவிப் பொருத்துவது அதன் சிறப்பு. மாங்காய்ப் பூட்டு முதலாகப் பல வகைகள் சிறு பட்டறைகளில் செய்யப்படுகின்றன. எந்திரத்தில் பெருமளவில் செய்யப்படும் அலிகார் பூட்டுகளோடு அவை போட்டியிட வேண்டியிருக்கிறது.

500 ஏழு லீவர் பூட்டுகளுக்கு ஓர் ஆர்டர் வந்ததாகக் கொள்வோம். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. பூட்டு ஒன்றுக்கு 7 லீவர் என்றால் தேவை 3,500. கையிருப்பு 600 போக நிகரத் தேவை 2,900. நூற்றுக்கு 4 கழியும் என்றால் 3,021 லீவர்கள் வெட்ட வேண்டும். ஒரு கிலோ பித்தளைத் தகட்டில் 80 லீவர் வரும் என்றால் சுமார் 37.8 கிலோ தகடு தேவை. கையில் 10 கிலோ இருக்கிறது; வியாபாரி 5 கிலோ கட்டாகத்தான் விற்பார். ஆகவே 30 கிலோ வாங்க வேண்டும்.

அடுத்தது தேதி. பூட்டுகளை 30ஆம் வேலைநாளில் தர வேண்டும். பூட்டுகளைக் கோக்க 4 நாள், லீவர் அராவ 6 நாள், பிரஸ்ஸில் வெட்ட 2 நாள், தகடு வந்துசேர 7 நாள் என்றால், தகட்டுக்கான ஆர்டர் 11ஆம் நாளுக்குள் போய்விட வேண்டும். உடல், வளையம், சாவி, ஸ்பிரிங், ரிவெட் என்று ஒவ்வொன்றுக்கும் இதே கணக்கு. நூறு வகைப் பூட்டுகள், பல வாடிக்கையாளர்கள் என்று விரியும்போது இதை மனத்தில் வைத்திருக்க எவராலும் இயலாது. கணினிக்குச் சில நொடிகள் போதும்.

பூட்டுத் தொழிலில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. வெட்டிய லீவர் எல்லாப் பூட்டுக்கும் பொது. அராவிய பின் அது ஒரு சாவிக்கு மட்டுமே உரியது. ஆகவே வெட்டிய லீவர், உடல், வளையம் ஆகியவற்றை முன்கூட்டியே செய்து இருப்பில் வைக்கலாம். அராவும் வேலையை ஆர்டர் வந்த பின்னரே தொடங்கலாம். பொதுவான பாகம் எங்கே தனிப்பட்ட பாகமாக மாறுகிறதோ, அந்த இடத்தில் இருப்பை நிறுத்துவது திட்டமிடலின் மிகப் பயனுள்ள முடிவுகளில் ஒன்று.

இயந்திரத் திறனும் குறுகலான கட்டமும்

மேலே கண்ட கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. அராவ 6 நாள் போதும் என்று எம்ஆர்பி எடுத்துக்கொண்டது. எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்கவில்லை. ஒரு பூட்டுக்கு 40 நிமிடம் என்றால் 500 பூட்டுக்கு 20,000 நிமிடம், அதாவது ஏறத்தாழ 333 மணி நேரம். நாளுக்கு 8 மணி நேரம் உழைக்கும் மூன்று கைவினைஞர்கள் இதை முடிக்க 14 நாள் ஆகும். 6 நாளில் முடிக்க ஏழு பேர் வேண்டும். மூன்று பேர்தான் என்றால் தகட்டு ஆர்டர் 11ஆம் நாளுக்குப் பதில் 3ஆம் நாளிலேயே போக வேண்டும். ஆள், இயந்திரம் ஆகியவற்றின் உண்மையான திறனைக் கணக்கில் எடுத்து அட்டவணை போடும் மென்பொருள்கள் இதற்காகவே வந்தன.

குறுகலான கட்டம் ஒன்றில் ஒரு மணி நேரம் வீணானால் முழுத் தொழிலகத்துக்கும் ஒரு மணி நேரம் வீண். மற்ற கட்டங்களை வேகப்படுத்தினால் பாதியில் நிற்கும் சரக்குதான் பெருகும். 1961இல் ஜான் லிட்டில் நிறுவிய விதி இதை எளிதாக அளக்க உதவுகிறது. நாளுக்கு 50 பூட்டுகள் முடிகிற பட்டறையில் 600 பூட்டுகள் பாதியில் இருந்தால், இன்று நுழையும் பூட்டு வெளிவரச் சராசரியாக 12 நாள் ஆகும். பாதியில் நிற்கும் சரக்கைக் குறைத்தாலே இந்தக் காலம் குறையும். புதிய இயந்திரம் வாங்கத் தேவையிராது.

பட்டறைத் தளத்தில்

திட்டம் ஜாப் கார்டாகத் தளத்துக்கு வருகிறது. எந்த வேலை, எந்த வரைபடம், எத்தனை, எந்த இயந்திரம் என்பது அதில் இருக்கும். வேலை முடிந்ததும் நல்லது எத்தனை, ரிஜெக்‌ஷன் எத்தனை, ரீவொர்க் எத்தனை, இயந்திரம் நின்ற நேரம் எவ்வளவு என்று திரும்பப் பதிய வேண்டும். இதை உடனுக்குடன் செய்யும் மென்பொருள் 'எம்இஎஸ்' எனப்படுகிறது. பார்கோடு, டேப்லெட், சிஎன்சி இயந்திரத்திலிருந்து நேரடித் தரவு ஆகியவை இதற்குத் துணை. அலுவலக மென்பொருளுக்கும் தளத்து மென்பொருளுக்கும் இடையே தரவு பரிமாறும் ஒழுங்கை ஐஎஸ்ஏ-95 தரநிலை வகுத்துள்ளது. அதன் முதல் பகுதி 2000இல் வெளியானது.

ஜாப் ஒர்க்

தமிழகத்தின் பல பட்டறைகளில் வேலையின் ஒரு பகுதி வெளியே நடக்கிறது. பிளேட்டிங் ஓரிடம், ஹீட் ட்ரீட்மென்ட் வேறிடம், கிரைண்டிங் இன்னோரிடம். ஆகவே வெளியே போன சரக்கையும் இருப்பாகவே மென்பொருள் கணக்கில் வைக்க வேண்டும். 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்த பின் இது சட்டத் தேவையும் ஆனது. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி, வரி செலுத்தாமல் ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய கச்சாப்பொருள் ஓராண்டுக்குள்ளும், மூலதனப் பொருள் மூன்றாண்டுக்குள்ளும் திரும்ப வேண்டும். அச்சு, டை, ஜிக், ஃபிக்ஸ்சர் ஆகியவற்றுக்கு இந்தக் கால வரம்பு இல்லை. டெலிவரி சலான் வாரியாக எது எங்கே இருக்கிறது என்று தெரியாத பட்டறை, சரக்கோடு வரிப் பணத்தையும் இழக்கக்கூடும்.

வகைகள்

பெரிய ஆலைகள் எஸ்ஏபி, ஆரக்கிள், ராம்கோ போன்ற முழுமையான ஈஆர்பிகளைப் பயன்படுத்துகின்றன. நடுத்தர, சிறு நிறுவனங்களுக்கு மும்பையின் ஃப்ராப்பே நிறுவனம் உருவாக்கிய ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற திறமூல மென்பொருள் இருக்கிறது. பாகப் பட்டியல், வேலை ஆணை, ஜாப் கார்டு ஆகியவை அதில் உண்டு. பெல்ஜியத்தின் ஓடூவும் இத்தகையதே. பெங்களூரின் டேலி கணக்குக்காக அறியப்பட்டாலும், பாகப் பட்டியலையும் ஜாப் ஒர்க்கையும் அதில் பதியலாம். மிகப் பல பட்டறைகளில் எக்செல் தாள்களே திட்டமிடலைச் சுமக்கின்றன. ஒருவர் மட்டும் பார்க்கும்வரை அது போதும். ஸ்டோர்ஸ், கொள்முதல், தளம் என்று பலர் ஒரே எண்ணை நம்ப வேண்டிய கட்டம் வரும்போது அது தடுமாறும்.

தோல்விக்கான காரணங்கள்

மென்பொருள் வாங்கியும் பயன் கிட்டாத இடங்களில் காரணம் பெரும்பாலும் பதிவுகளின் பொய்மை. ஆலிவர் வைட்டின் மரபில் கையிருப்புப் பதிவு நூற்றுக்கு 95, பாகப் பட்டியல் நூற்றுக்கு 98 சரியாக இருக்க வேண்டும் என்பது அளவுகோல். ஸ்டோர்ஸிலிருந்து சீட்டில்லாமல் எடுத்த பத்து லீவர், ஷிஃப்ட் முடிவில் மொத்தமாக எழுதிய எண்ணிக்கை, தண்டனைக்கு அஞ்சி மறைத்த ரிஜெக்‌ஷன் ஆகியவை சேர்ந்து திட்டத்தைக் கற்பனையாக்கிவிடும். உண்மையான எண்ணைச் சொன்ன தொழிலாளியைக் கண்டிக்கும் தொழிலகத்தில் எந்த மென்பொருளும் நிலைக்காது.

அவசரமும் ஒரு காரணம். 1999இல் அமெரிக்காவின் ஹெர்ஷே மிட்டாய் நிறுவனம், விற்பனை உச்சத்தில் இருக்கும் பருவத்தை ஒட்டிப் புதிய மென்பொருளை இயக்கத் தொடங்கி, சரக்கு கையில் இருந்தும் அனுப்ப முடியாமல் தவித்தது. பம்பு ஆலைகள் கோடைக்கு முன் இத்தகைய மாற்றத்தைத் தொடங்காமல் இருப்பது நல்லது. மொழியும் தடையாகலாம். தளத்தில் இருப்பவருக்குப் புரியாத திரையில் அவர் பதியும் எண்ணை நம்ப முடியாது. தமிழில் திரை அமைப்பது பதிவின் துல்லியத்தைச் சார்ந்த விஷயம்.

சிறு பட்டறைகள் தொடங்கும் வழி

ஐந்து பேர் வேலை செய்யும் பூட்டுப் பட்டறைக்கும் இக்கலை உரியதே. முதலில், அதிகம் விற்கும் சில வகைகளுக்குப் பாகப் பட்டியலை எழுத வேண்டும். இரண்டாவது, கையிருப்பை எண்ணி, எடுப்பதையும் வைப்பதையும் சீட்டில் பதியும் பழக்கத்தை உறுதிப்படுத்த வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆகும் நேரத்தை வேலை செய்பவரோடு கலந்து அளக்க வேண்டும். மூத்த கைவினைஞர்களின் மனத்தில் மட்டும் இருக்கும் இந்த அறிவு எழுத்தில் ஏறுவதே பெரிய ஆதாயம். அடுத்த தலைமுறை அதிலிருந்து கற்கும். நான்காவது, குறுகலான கட்டத்தைக் கண்டறிந்து அதன் அட்டவணையை மட்டும் நாள்தோறும் சரிபார்க்க வேண்டும். இவை நான்கும் சில மாதங்கள் நிலைத்த பின் மென்பொருளைக் கொண்டுவந்தால், அது தரும் தேதியை வாடிக்கையாளரிடம் தயங்காமல் சொல்லலாம்.