சி படிவத்திலிருந்து 25 ஆட்டம் வரை

1962இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், பாரி சவுண்ட் என்ற சின்ன ஊரில், 14 வயதுப் பெடியன் ஒருவன் ஒரு தாளில் கையெழுத்து வைத்தான். பெயர் பொபி ஓர். பிறகு ஐஸ் ஹொக்கியின் மிகப்பெரிய வீரர்களில் ஒருவராக வந்தவர். அந்தத் தாளை 'சி படிவம்' என்பார்கள். சின்ன வயசு என்றால் பெற்றோரும் ஒப்பமிட வேணும். ஓரின் குடும்பத்துக்குக் கிடைத்தது கொஞ்சக் காசும் வீட்டுச் சுவருக்கு வெளிப்பூச்சும். பதிலுக்கு, அவன் தொழில்முறையாக ஆடுவதென்றால் பொஸ்ரன் புருயின்ஸ் கழகத்துக்குத்தான் ஆட வேணும். வேறு கழகம் கேட்கவே ஏலாது. (சுவருக்குப் பூசின கையோட பெடியனையும் பூட்டிப்போட்டாங்கள்.)

1963இல் வீரர்களைத் தெரிவுசெய்யும் ட்ராஃப்ட் முறை தொடங்கியது. அந்தத் தசாப்தம் முடிவதற்குள் சி படிவம் வழக்கொழிந்தது. அதோட வீரர்களின் நிலைமை சீராகிவிட்டது என்று நாங்கள் நினைக்கலாம். கீழ்நிலை லீக்குகளைப் பார்த்தால் அப்படித் தெரியேல்ல.

அங்கே இப்ப இருப்பது பரீட்சார்த்த ஒப்பந்தம். வீரர்கள் சுருக்கமாக 'பி.டி.ஓ' என்பார்கள். 1936இல் உருவான அமெரிக்கன் ஹொக்கி லீக்கில் இதன் உச்சம் 25 ஆட்டங்கள். அதற்கு முதலே கழகம் எந்த நாளும் ஆளை விட்டுவிடலாம். ஒப்பந்தம் இருக்கும்வரைதான் சம்பளம்.

இது ஏன் தேவைப்படுகுது? வொஷிங்டன் கப்பிட்டல்ஸில் ஒருவருக்குக் கால் முறிந்தால், அதன் துணை அணியான ஹேர்ஷி பெயார்ஸிலிருந்து ஒருவரை மேலே கூப்பிடுவார்கள். ஹேர்ஷியில் விழுந்த வெற்றிடத்துக்கு, அதற்கும் கீழே தென் கரோலினா ஸ்ரிங்ரேஸில் ஆடுகிற ஒருவர் பி.டி.ஓவில் வருவார். கால் முறிந்தவர் குணமானதும் எல்லாரும் ஒவ்வொரு படி கீழே இறங்க வேண்டியதுதான். பி.டி.ஓக்காரர் நல்லா ஆடினாரா இல்லையா என்பது சிலநேரம் கணக்கிலேயே வராது, அவரின்ர வேலை இன்னொருவரின் எலும்பில் தங்கியிருக்கு.

இதே தாளுக்கு ஒரு பிரபலமான கதையும் உண்டு. 2016 டிசம்பர் 31 அன்று கரோலினா ஹரிக்கேன்ஸின் கோல்காப்பாளர் ஒருவர் நோய்வாய்ப்பட, உபகரணப் பொறுப்பாளர் ஜோர்ஜ் அல்வெஸை பி.டி.ஓவில் ஒப்பமிட வைத்தார்கள். அவரும் ஒருகாலம் கீழ்நிலை லீக்குகளில் கோல் காத்தவர். கடைசி 7.6 வினாடிகள் களத்தில் நின்றார். அவர் பக்கம் ஒரு அடியும் வரேல்ல.