காலநிலைப் பொறுப்புச் சர்ச்சை

பூமி சூடேறுவதில் எந்த நாட்டுக்கு எவ்வளவு பங்கு, அதைத் தணிக்கும் செலவு யாருடையது என்பது குறித்து 1990-களின் தொடக்கத்திலிருந்து நடந்துவரும் வாதம். வெப்பமாதல் உண்மைதானா என்ற சண்டை அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அரசியலையே இரண்டாகப் பிளந்தது. இந்தியாவில் அது எடுபடவில்லை. இங்கே விஞ்ஞானத்தை ஏற்றுக்கொண்டு, கணக்கைத்தான் கேட்டார்கள்.

எல்லாம் ஒரு பட்டியலில் தொடங்கியது. வாஷிங்டனைச் சேர்ந்த உலக வள நிறுவனம், ஐ.நா. அமைப்புகளுடன் சேர்ந்து 1990-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பசுமை இல்ல வாயுக்களை அதிகம் சேர்க்கும் முதல் ஐந்து நாடுகளில் பிரேசில், சீனா, இந்தியா மூன்றையும் அது வைத்திருந்தது. காடழிப்பு, நெல்வயல், மாடு ஆகியவற்றிலிருந்து வருவதும் அந்தக் கணக்கில் ஏறியிருந்தது.

டெல்லியில் இயங்கும் அறிவியல், சுற்றுச்சூழல் மையத்தின் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991 ஜனவரியில் ஒரு சிறு நூலால் பதில் சொன்னார்கள். கடலும் மண்ணும் காடும் ஆண்டுதோறும் கணிசமான வாயுவை உறிஞ்சிக்கொள்கின்றன. மனிதர் அனைவருக்கும் பொதுவான இந்தக் கொடையை, அமெரிக்க நிறுவனம் நாடுகள் வெளியிடும் அளவுக்கேற்பப் பிரித்திருந்தது. அதாவது, அதிகம் புகைவிட்டவருக்கு அதிகத் தள்ளுபடி! அதையே தலைக்கு இவ்வளவு என்று மக்கள்தொகைப்படி பிரித்தால் இந்தியாவும் சீனாவும் தம் பங்கைத் தாண்டவே இல்லை என்று இருவரும் காட்டினார்கள். வயிற்றுப்பாட்டுக்காக நெல் நடுகிறவரின் மீத்தேனையும் சொகுசுக் கார் விடும் புகையையும் ஒரே தராசில் நிறுப்பது என்ன நியாயம் என்பது அவர்களின் அடுத்த கேள்வி. சுற்றுச்சூழல் காலனியம் என்று நூலின் துணைத்தலைப்பே குற்றம் சாட்டியது. வளரும் நாடுகளின் பேச்சாளர்கள் அடுத்த முப்பது ஆண்டுகள் பேசியதில் பெரும்பகுதி இந்த நூலிலேயே இருக்கிறது.

நெல் விவகாரம் தனியாகச் சொல்லத் தக்கது. தேங்கிய நீருக்கடியில் காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிரிகள் மீத்தேனை உண்டாக்குகின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, இந்திய வயல்களிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 3.78 கோடி டன் மீத்தேன் வெளியேறுவதாக மதிப்பிட்டிருந்தது. அமெரிக்க, ஐரோப்பிய வயல்களில் எடுத்த அளவுகளை இங்குள்ள பரப்பால் பெருக்கிக் கிடைத்த எண் அது. தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா தலைமையில் 1991-ல் நாட்டின் பல பகுதிகளில் வயலிலேயே அளந்தபோது கிடைத்தது சுமார் 40 லட்சம் டன், கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. இந்திய நெல் பரப்பில் பெரும்பகுதியில் பருவம் முழுக்க நீர் நிற்பதில்லை. மண்ணில் கரிமச் சத்தும் குறைவு. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் மீத்தேன் குறையும் என்பதைத் தமிழ்நாட்டு வேளாண் துறை இன்று திருந்திய நெல் சாகுபடியின் கூடுதல் பலனாகச் சொல்கிறது.

1992-ல் ரியோ டி ஜெனிரோவில் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட ஐ.நா. காலநிலை உடன்படிக்கை, பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் ஒரே அளவில் அல்ல என்று ஏற்றுக்கொண்டது. வாதம் அத்தோடு ஓயவில்லை. வளரும் நாடுகளுக்கும் கடமை விதிக்காத ஒப்பந்தம் எதிலும் சேரக் கூடாது என்று 1997 ஜூலையில் அமெரிக்க செனட் 95-0 என்ற வாக்கில் தீர்மானித்தது. அதே ஆண்டு டிசம்பரில் உருவான கியோட்டோ நெறிமுறை செல்வந்த நாடுகளை மட்டுமே கட்டுப்படுத்தியது. 2001-ல் புஷ் அரசு அதை உதறியது.

இதற்குள் களமும் மாறிவிட்டது. 2000-களின் பிற்பாதியில் ஆண்டு உமிழ்வில் சீனா அமெரிக்காவை முந்தியது. தலைக்கணக்கில் எந்நாளும் செல்வந்த நாடுகளை மிஞ்சமாட்டோம் என்று பிரதமர் மன்மோகன் சிங் 2007-ல் உறுதி கூறினார். அதே ஆண்டு கிரீன்பீஸ் இந்தியா ஒரு சங்கடமான அறிக்கையை வெளியிட்டது: மாதம் 30,000 ரூபாய்க்கு மேல் ஈட்டும் இந்தியர், 3,000 ரூபாய்க்குக் கீழ் ஈட்டுபவரைவிட நாலரை மடங்கு கரியமில வாயுவுக்குக் காரணமாகிறார். ஏழைகளின் பின்னால் வசதி படைத்தவர்கள் ஒளிந்துகொள்கிறார்கள் என்பது அதன் குற்றச்சாட்டு. நாடுகளுக்கிடையே தலைக்கணக்கு கேட்ட அரசு, நாட்டுக்குள் அதே கணக்கைப் போட்டுப் பார்க்க இன்றுவரை ஆர்வம் காட்டியதில்லை.

2009-ல் கோபன்ஹேகன் மாநாட்டுக்கு முன் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் பிரதமருக்கு எழுதிய கடிதம் பத்திரிகையில் கசிந்தது. வளரும் நாடுகளின் கூட்டணியை விட்டு விலகி நிற்கலாம் என்ற யோசனை அதில் இருந்ததால் கொந்தளிப்பு எழுந்தது. மாநாட்டில் துவாலு போன்ற தீவு நாடுகள் சீனா, இந்தியாவுக்கும் சட்டக் கட்டுப்பாடு வேண்டுமென்றன. ஒரே அணி என்ற தோற்றம் அங்கே உடைந்தது. இரண்டாண்டு கழித்து டர்பன் மாநாட்டில், தமிழ்நாட்டைச் சேர்ந்த அமைச்சர் ஜெயந்தி நடராஜன் சமநீதியை விட்டுக்கொடுக்க முடியாதென்று கடைசி இரவுவரை வாதாடினார். 2015-ல் வந்த பாரிஸ் ஒப்பந்தம், செல்வந்த நாடுகளுக்கும் வளரும் நாடுகளுக்கும் இடையிலான பழைய கோட்டை மங்கலாக்கி, ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே எழுதிக்கொள்ள விட்டது.

பணத்தில்தான் கசப்பு அதிகம். செல்வந்த நாடுகள் 2014-ல் தந்த காலநிலை நிதி சுமார் 6,200 கோடி டாலர் என்றது பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு. உண்மையில் கைக்கு வந்தது 220 கோடிதான் என்றது இந்திய நிதி அமைச்சகம். எதைக் கணக்கில் சேர்ப்பது என்று இரு தரப்பும் ஒத்துப்போகவில்லை. 2024-ல் பாக்கூ மாநாடு 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று முடிவெடுத்ததும், அது போதாதென்று இந்தியப் பிரதிநிதி சாந்தினி ரெய்னா மேடையிலேயே மறுத்தார். காலநிலை மாற்றத்தால் பாதிக்கப்படும் வளரும் நாடுகளுக்கான இழப்பு, சேத நிதிக்கு அமெரிக்கா 2023-ல் அறிவித்தது வெறும் 1.75 கோடி டாலர்.

பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் தொடங்கி, வனுவாத்து அரசு முன்னெடுத்த முயற்சியால் இந்த வாதம் ஹேக் நகர சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 1991-ல் கணக்குக் கேட்ட இந்தியா, 2024 டிசம்பரில் அந்த நீதிமன்றத்தின் முன் செல்வந்த நாடுகளின் பழைய பொறுப்பை நினைவூட்டிய அதே மூச்சில், இருக்கும் உடன்படிக்கைகளைத் தாண்டிப் புதிய கடமைகளை உருவாக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டது. நாடுகளின் கடமை அந்த உடன்படிக்கைகளோடு முடிந்துவிடாது, கடமை தவறினால் இழப்பீடு கோரவும் இடமுண்டு என்று 2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் கருத்துரைத்தது.